மலை வீடா, சுகாதார நிலையமா, சேலம் ஆஸ்பத்திரியா: பிரசவத்துக்கு இடம் பார்க்கும் கணக்கு

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவு, கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். மழையில்லாத பகலில் இறங்கவே ஒரு மணி நேரம் பிடிக்கும். வீட்டில் பிரசவம் பார்க்கலாமா என்று பேச்செடுத்தால் முதலில் போடவேண்டிய கணக்கு இதுதான். இயற்கையா, இங்கிலீஷ் மருத்துவமா என்ற சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் பாய்கிறது. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்ததும் கர்ப்பப்பை கல்லு மாதிரி இறுகி, ரத்தக் குழாய்களை நெரிக்க வேண்டும். இறுகாவிட்டால், ஆம்புலன்ஸுக்கு போன் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்திலேயே லிட்டர் கணக்கில் போய்விடும். இதில் ஒரு ஏமாற்றும் உண்டு. கர்ப்பிணி உடம்பு ஒரு லிட்டர் வரை இழந்தாலும் பிரஷரைத் தாக்குப்பிடித்துக் காட்டும். "நல்லாத்தான் பேசிட்டிருந்தா, திடீர்னு மயங்கிட்டா" என்பார்கள். அது திடீரென்று நடந்ததில்லை, யாரும் அளக்கவில்லை.

வீட்டுப் பிரசவத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் உதாரணம் பெரும்பாலும் இங்கிலாந்து. அங்கே சுமார் 64,000 பெண்களை வைத்துச் செய்து 2011-ல் வெளியான ஆய்வை முழுசாகப் பார்க்க வேண்டும். சிக்கல் இல்லாத இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் குழந்தையின் நலனில் வித்தியாசம் தெரியவில்லை. தலைப்பிரசவத்தில் தெரிந்தது: குழந்தைக்குப் பெரிய பாதிப்பு ஆஸ்பத்திரியில் ஆயிரத்துக்கு 5.3, வீட்டில் 9.3. வீட்டில் பெற்றுக்கொள்ளத் திட்டமிட்ட தலைப்பிரசவக்காரர்களில் 100-க்கு 45 பேரை நடுவிலோ, பெற்ற கையோடோ ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஏற்கெனவே பெற்றவர்களில் 12 பேர். பயிற்சி பெற்ற மிட்வைஃப் (பிரசவம் பார்க்கவே படித்தவர்), தயாராக ஆம்புலன்ஸ், கதவைத் திறந்து வைத்திருக்கும் ஆஸ்பத்திரி எல்லாம் இருந்தும் வந்த எண்ணிக்கை இது. அந்த 45 பேரில் ஒருவரை மலைமேல் நாகலூரிலிருந்தோ செம்மநத்தத்திலிருந்தோ ராத்திரி மழையில் இறக்குவதை நினைத்துப் பாருங்கள்.

நம் நாட்டில் வீட்டுக்கு வந்து பிரசவம் பார்ப்பதற்கென்று உரிமமும் ஆஸ்பத்திரி இணைப்பும் உள்ள மிட்வைஃப் ஏற்பாடு கிடையாது. 2018-ல் மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதல், நர்ஸ்களுக்கு 18 மாதப் பயிற்சி கொடுத்து, ஆஸ்பத்திரிக்குள்ளேயே மிட்வைஃப் நடத்தும் பிரிவுகளை உண்டாக்கச் சொல்கிறது. ஆகவே "மிட்வைஃப்" என்று ஒருவர் வந்தால் படிப்பு, நர்ஸிங் கவுன்சில் பதிவு, மாற்ற வேண்டி வந்தால் எந்த டாக்டர் எடுத்துக்கொள்வார், இந்த மூன்றையும் கேளுங்கள். குழந்தை பிறப்பதற்கு முன்னாலேயே வீட்டில் வலியை வரவழைக்கும் "வலி ஊசி" போடுகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அளவு தெரியாமல் போட்ட அந்த ஊசி கர்ப்பப்பையையே கிழிக்கும், குழந்தைக்கு மூச்சு முட்டவைக்கும். வயிற்றை மேலிருந்து அமுக்கித் தள்ளுவதும் அதே ரகம்.

ஊருக்குள் மூத்த மருத்துவச்சிகளுக்குத் தெரிந்த நல்ல விஷயங்கள் உண்டு: நடக்கவிடுவது, குந்தவைப்பது, இடுப்பைத் தேய்த்துவிடுவது, அவசரப்படாமல் இருப்பது. தொப்புளில் சாம்பல், பிறந்ததும் குளிப்பாட்டு, சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது ஆகியவற்றை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏற்காட்டுக் குளிரில் பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டினால் உடம்பு சில்லிட்டுவிடும். 24 மணி நேரம் கழியட்டும்.

சரி, வீட்டில் ஒழுங்காகச் செய்ய என்னென்ன வேண்டும்? பயிற்சி பெற்றவர் இரண்டு பேர், ஏனென்றால் தாய்க்கும் குழந்தைக்கும் ஒரே நிமிடத்தில் ஆள் தேவைப்படலாம். குழந்தையின் இதயத்துடிப்பு கேட்க டாப்ளர்: வலி நேரத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கும்போது 5 நிமிடத்துக்கு ஒருமுறை. அழாத குழந்தைக்கு முதல் நிமிடத்துக்குள் காற்றுக் கொடுக்கப் பச்சிளங்குழந்தை ஆம்பு பை, 0, 1 இரண்டு அளவு முகமூடி. சூடாக்கி வைத்த உலர்ந்த துண்டு இரண்டு, தொப்பி, புது பிளேடு, கொடிக் கிளிப் இரண்டு, வைட்டமின் கே ஊசி 1 மில்லிகிராம். அறை 25 டிகிரிக்குக் குறையக்கூடாது.

குழந்தை வந்த ஒரு நிமிடத்தில், வயிற்றில் இன்னொன்று இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, தாயின் தொடையில் கர்ப்பப்பையை இறுகவைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி 10 யூனிட். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். மலையில் கரண்ட் போனாலும், சேலத்தில் சித்திரை வெயில் அடித்தாலும் அது வீரியம் இழக்கும், பார்த்தால் தெரியாது. ஐஸின் மேல் நேராக வைத்து உறையவிட்டாலும் வீண். குளிர் நம்பகமில்லாத இடத்துக்கு மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் மாத்திரை மூன்று, வாய்வழியாக. அதையும் பயிற்சி பெற்றவர்தான் கொடுக்க வேண்டும்.

ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் பாதிதான் தெரியும். குழந்தை வந்ததும் பனிக்குட நீர் நனைத்த துணியை எடுத்துவிட்டு, எடை பார்த்த புது விரிப்பைப் போடுங்கள். நனைந்த விரிப்பைச் சமையலறைத் தராசில் வைத்து, உலர்ந்த எடையைக் கழியுங்கள். ஒரு கிராம் ஒரு மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். 500 தொட்டுவிட்டால் அது ஆபத்துப் போக்கு. 300-லேயே நாடி வேகமெடுத்தால் அப்போதே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தை மலைக்காரர்கள் ஏனோ குறைத்து மதிப்பிடுகிறார்கள். வீட்டில் எதிர்பார்க்கும் பல விஷயம் அங்கே கிடைக்கும்: அம்மாவோ அக்காவோ கூட நிற்கலாம், கூட்டம் குறைவு, பழகிய நர்ஸம்மா. ஆக்ஸிடோசின் குளிர்பெட்டியில் இருக்கும், ஆம்பு பை சுவரில் தொங்கும். சிசேரியன், ரத்தம் ஏற்றுவது அங்கே பெரும்பாலும் நடக்காது, ராத்திரியில் டாக்டர் இல்லாமலும் போகலாம். ஆகவே ஏற்கெனவே சுகப்பிரசவம் ஆன, சிக்கல் இல்லாத பெண்ணுக்கு அது பொருந்தும். மலைப்பகுதி நிலையங்கள் சிலவற்றில் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்கக் காத்திருப்பு அறையும் உண்டு. உங்கள் பகுதியில் எங்கே என்று கிராம சுகாதார செவிலியரிடம் ஏழாம் மாதமே கேட்டுவையுங்கள்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர், ரத்த வங்கி, பச்சிளங்குழந்தைப் பிரிவு மூன்றும் ஒரே வளாகத்தில். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழ், பிரஷர் 140/90-க்கு மேல், கர்ப்பகாலச் சர்க்கரை, முந்தைய சிசேரியன், இரட்டை, தலை திரும்பாத குழந்தை, கீழிறங்கிய நஞ்சு, 37 வாரத்துக்கு முன் வலி: இவர்களுக்கு வேறு பேச்சே வேண்டாம். நெருக்கடியும் தனிமைக் குறைவும் பெரிய அரசு ஆஸ்பத்திரி லேபர் வார்டுகளில் பொதுவாக உள்ள குறைதான். கூட ஒருவர் நிற்க அனுமதி உண்டா, நடக்கவிடுவார்களா, கட்டாயம் வெட்டித் தையல் போடுவார்களா என்று செக்கப்பின்போதே கேட்டுவிடுங்கள். தனியார் "இயற்கைப் பிரசவ" விளம்பரத்தில் ஒரே கேள்வி போதும்: ராத்திரி இரண்டு மணிக்கு மயக்க மருந்து டாக்டர் கட்டடத்துக்குள் இருப்பாரா, வரவழைக்க வேண்டுமா?

எங்கள் தீர்ப்பு இது. சேலம் அஸ்தம்பட்டியில் வீடு, இரண்டாவது குழந்தை, எல்லாம் சரியாக இருக்கிறது, பதிவுபெற்ற மிட்வைஃப் இருவர், பத்து நிமிடத்தில் தியேட்டர் என்றால் வீடு பற்றிப் பேசவாவது முடியும். அப்போதும் ஆஸ்பத்திரிக்குள் மிட்வைஃப் பார்க்கும் பிரசவம் கிடைத்தால் அதையே எடுப்போம். மலைமேல் வீட்டுப் பிரசவத்தை யாருக்கும் சொல்ல மாட்டோம். தலைப்பிரசவம் என்றால் 37-வது வாரத்திலேயே சேலத்தில் சித்தி வீடு, அத்தை வீடு எதற்காவது இறங்கிவிடுங்கள். அடைமழையில் பாறை சரிந்து பாதை அடைபட்டால் குப்பனூர் வழி ஒன்றுதான் மிச்சம்.

எங்கே பெற்றாலும் பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதியும்போது தரும் எண்) கையில் இருக்கட்டும், பிறப்புச் சான்றிதழுக்கு அது கேட்பார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் எந்தத் தவணைக்கு அரசு நிலையத்தில் பெற வேண்டும் என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எதிர்பாராமல் வீட்டிலோ வழியிலோ பிறந்துவிட்டால், 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி ஊசி. தாய்க்கு நெகட்டிவ் ரத்தவகை, குழந்தைக்கு பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி. வீட்டில் பிறந்ததை 21 நாளுக்குள் கிராமத்தில் வி.ஏ.ஓ.விடம் பதியுங்கள், சேலம் நகருக்குள் என்றால் மாநகராட்சியில்.