கிரெனடாவுக்கு ஏழு பயணங்கள்: மருத்துவ மாணவியின் வீட்டில் விருந்தாளியாக இருந்த அனுபவம்

2022 ஆகஸ்ட்டில் என் மனைவி கிரெனடாவிலுள்ள செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். முதல் இரண்டு ஆண்டுகளுக்கான அடிப்படைப் பாடங்களைத் தீவில் படித்துவிட்டு, மருத்துவமனைப் பயிற்சிக்குப் பெரும்பாலோர் அமெரிக்காவுக்குத் திரும்புவது அங்குள்ள நடைமுறை. நியூ ஜெர்சியில் வேலை பார்க்கும் நான் 2024 மே மாதத்துக்குள் ஏழு முறை போய் வந்தேன். கரீபியன் தீவு என்றதும் நண்பர்கள் பொறாமைப்பட்டார்கள். அந்தப் பொறாமைக்கு நான் தகுதியானவன்தானா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகமாகவே இருக்கிறது.

நியூயார்க்கிலிருந்து நேரடி விமானத்தில் ஏறினால் ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் இறங்கிவிடலாம். விமான நிலையத்துக்கு மாரிஸ் பிஷப்பின் பெயர் வைத்திருக்கிறார்கள். 1983 அக்டோபர் 19 அன்று பிரதமர் பிஷப் சுட்டுக் கொல்லப்பட்டதும், ஆறு நாட்களில் அமெரிக்கப் படை வந்து இறங்கியதும், அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று இதே கல்லூரியின் அமெரிக்க மாணவர்களுடைய பாதுகாப்பு என்பதும் நான் போவதற்கு முன் அறியாத செய்திகள். அக்டோபர் 25 அங்கே பொது விடுமுறை. என் முதல் பயணம் அந்த வாரத்தில் அமைந்ததால், பூட்டிய கடைகளைப் பார்த்தபடி நடந்துதான் நான் இந்த வரலாற்றைக் கற்றுக்கொண்டேன்.

அந்த முதல் பயணம் முழுத் தோல்வி. தேர்வுக்கு இன்னும் பத்து நாட்கள் இருக்கின்றன என்று மனைவி சொல்லியிருந்தார். பத்து நாட்கள் இருந்தால் மாலை நேரங்களாவது கிடைக்கும் என்று நான் கணக்குப் போட்டேன். மோலினியர் விரிகுடாவில் 2006-இல் கடலுக்கடியில் நிறுவப்பட்ட சிற்பங்களைப் பார்ப்பதற்கு இருவருக்குமாகப் படகு பதிவு செய்துவிட்டு, கடைசியில் நான் மட்டும் போனேன். அவர் காலை ஆறு மணிக்கு நூலகத்துக்குப் போனால் இரவு பதினொன்றுக்குத்தான் திரும்பினார். அவருக்கு என் மேல் கோபம் இல்லை, குற்றவுணர்வு இருந்தது. தேர்வு நேரத்தில் ஒருவருக்கு நாம் கொடுக்கக்கூடிய மிக மோசமான பரிசு அதுதான். சரி, தேர்வு முடிந்த மறுநாள் போகலாம் என்று இரண்டாவது பயணத்தைத் திட்டமிட்டேன். ஒன்றரை நாள் அவர் தூங்கினார். நான் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரையின் மூன்று கிலோமீட்டர் நீளத்தையும் போக வர நான்கு முறை அளந்தேன்.

மூன்றாவது பயணத்திலிருந்து விடுப்பு எடுப்பதை நிறுத்திவிட்டு, கணினியோடு போய் அவருடைய வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். கிரெனடாவில் கோடைக்காலத்துக்கென்று கடிகாரத்தை மாற்றுவதில்லை. கோடையில் நியூயார்க் நேரமும் அங்குள்ள நேரமும் ஒன்று, குளிர்காலத்தில் அவர்கள் ஒரு மணி நேரம் முன்னால் இருப்பார்கள். ஆகவே அலுவலகத்துக்கு எந்த இடைஞ்சலும் இல்லை. அவர் படிக்க, நான் வேலை பார்க்க, மாலையில் சேர்ந்து இருபது நிமிடம் நடந்துவிட்டு வந்து சாப்பிட்ட அந்த வாரம்தான் நாங்கள் இருவரும் உண்மையில் சேர்ந்திருந்த முதல் வாரம். ஊர் சுற்றுவதற்கென்று போகிறவர்கள் பருவ விடுமுறையில் போகட்டும். மற்ற நாட்களில் போகிறவர் தமக்கென ஒரு வேலையைக் கொண்டு போவது நல்லது.

சமையல் என் பொறுப்பானது. இங்கே நான் செய்த பிழை ஒன்று உண்டு. நியூ ஜெர்சியிலிருந்து தூக்கிப் போன மின்சார சோறு குக்கரைச் சுவரில் செருகியதும் புகை வந்தது. தீவில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்கச் சாதனம் 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. அதே காரணத்தால், அமெரிக்காவில் மின்மாற்றி இல்லாமல் ஓடாத இந்திய மிக்ஸி அங்கே அருமையாக ஓடுகிறது. செருகுமுனைதான் வேறு, பிரிட்டனில் உள்ளதைப் போன்ற பட்டையான மூன்று முள். ஒரு மாற்றுச் செருகியோடு காரியம் முடிந்தது. மாமியார் கோயம்புத்தூரிலிருந்து கொடுத்தனுப்பிய மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி அரைத்த நாளில் பக்கத்து வீட்டு மாணவர்கள் மூன்று பேர் தட்டோடு வந்து நின்றார்கள்.

பெரிய கடைகளில் பெரும்பாலானவை கப்பலில் வருபவை என்பதால் விலை கடிக்கும். ஒரு அமெரிக்க டாலர் 2.70 கிழக்கு கரீபியன் டாலர் என்ற மாற்று விகிதம் 1976 முதல் மாறவில்லை. விலைச்சீட்டைப் பார்த்துத் திகைப்பதற்கு முன் அதை வகுத்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை காலையில் செயின்ட் ஜார்ஜஸ் நகரச் சந்தைக்குப் போனால் நிலைமை வேறு. வாழைக்காய், சேப்பங்கீரை, சீமைப்பலா, பருவம் வரும்போது உரிக்காத பச்சைத் துவரங்காய், ஜாதிக்காய், ஜாதிபத்திரி எல்லாம் கிடைக்கும். அங்கே 'சாஃப்ரன்' என்று கேட்டால் மஞ்சளைத் தருவார்கள். குங்குமப்பூ என்று நினைத்து மலிவைக் கண்டு நான் மகிழ்ந்தது வேறு கதை. சீமைப்பலாவையும் உப்புக்கண்டத்தையும் மஞ்சள் சேர்த்துத் தேங்காய்ப்பாலில் வற்றும்வரை வேகவைக்கும் 'ஆயில் டவுன்' அவர்களுடைய தேசிய உணவு. இறைச்சியை விட்டுவிட்டு அதைச் செய்து பார்த்தோம். நம் வீட்டுக் கூட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரி போல இருந்தது. ரொட்டியும் கறியும் தெருவெங்கும் கிடைப்பதற்கு 1857-இல் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கிய இந்தியர்கள் காரணம்.

வாடகைக் காரை இரண்டாம் பயணத்தோடு விட்டுவிட்டேன். இடப்பக்கம் ஓட்டுவது நமக்குப் புதிதல்ல, ஆனால் மலை வளைவுகள் நெஞ்சை அடைக்கும். நகரத்துக்கும் கிராண்ட் ஆன்ஸுக்கும் ஒன்றாம் எண் வேன்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. இறங்க வேண்டுமானால் வண்டியின் பக்கவாட்டில் தட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவற்றை நம்ப முடியாது. இராணுவ உடையின் புள்ளி வண்ணத்தில் எந்தத் துணியும் அணிவது சட்டப்படி குற்றம் என்பதையும் பெட்டி கட்டுமுன் நினைவில் வைக்கவும்.

குறைகளில் முதலிடம் தண்ணீருக்கு. ஜனவரி முதல் மே வரை வறண்ட பருவம். 2024 மே மாதத்தில் அரசே நாடு முழுவதற்கும் தண்ணீர் நெருக்கடி அறிவித்தது. சென்னையில் வளர்ந்த எனக்கு வாளி நிரப்பி வைப்பது கை மறக்காத பழக்கமாக இருந்தது. தொட்டி இல்லாத வீட்டை வாடகைக்கு எடுக்காதீர்கள் என்று புதிதாகச் சேர்பவர்களிடம் சொல்வேன். கொசுவலையும் அவசியம், டெங்கி அங்கேயும் உண்டு.

ஏழாவது பயணம் வீட்டைக் காலி செய்வதற்கு. புத்தகங்களை விடத் துணிகள் குறைவாக இருந்தன. மிக்ஸியை மட்டும் எடுத்து வரவில்லை. ஜனவரியில் சேர்ந்திருந்த விஜயவாடா மாணவி ஒருவரிடம், மாற்றுச் செருகியை அதன் கம்பியிலேயே ஒட்டுநாடாவால் சுற்றிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினோம்.