இலங்கையா, தாய்லாந்தா? குமரி மாவட்டத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் பாஸ்போர்ட் இல்லாத வீடு குறைவு. பெரும்பாலும் கல்ஃப் வேலைக்காக எடுத்தது. அதே பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு சும்மா சுற்றிப் பார்க்க எங்கே போகலாம் என்று பேச்சு வந்தால், நம்ம பட்ஜெட்டுக்கு இரண்டு பெயர்தான் திரும்பத் திரும்ப வரும்: இலங்கை, தாய்லாந்து. நான் இரண்டுக்கும் போயிருக்கிறேன், ஒன்றுக்கு வீட்டுப் பெரியவர்களோடு, இன்னொன்றுக்கு கூட்டாளிகளோடு. எது நல்லது என்று யாராவது கேட்டால் யாரோடு போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். எல்லாமே அதைப் பொறுத்துத்தான் மாறுகிறது.

போக்குவரத்தில் இலங்கை தெளிவாக முன்னால் நிற்கிறது. திருவனந்தபுரம் ஏர்போர்ட் நமக்குப் பக்கம், அங்கிருந்து கொழும்பு ஒரு மணி நேரப் பறப்பு. சீட் பெல்ட்டைக் கழற்றி ஒரு ஜூஸ் குடிப்பதற்குள் இறங்கப்போகிறோம் என்று சொல்லிவிடுவார்கள். கடல் வழியும் உண்டு, 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலுள்ள காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலைத் திரும்பத் தொடங்கினார்கள். ஆனால் நாம் நாகப்பட்டினம் போய்ச் சேருவதற்கே ஒரு ராத்திரி ஆகும் என்பதால், யாழ்ப்பாணம் மட்டும் பார்க்க நினைப்பவர்களுக்குத்தான் அது சரிவரும். தாய்லாந்துக்கு என்றால் கொச்சிக்கோ சென்னைக்கோ போக வேண்டும், இல்லாவிட்டால் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ மாறிப் போக வேண்டும். கொச்சியிலிருந்து பாங்காக் சுமார் நான்கு மணி நேரம். ஆனால் வீட்டிலிருந்து கொச்சிக்கு ரயில், அங்கே காத்திருப்பு, விடியற்காலையில் தூங்காத கண்ணோடு பாங்காக்கில் இறங்குவது என்று எல்லாம் சேர்த்தால் போக ஒரு நாள், வர ஒரு நாள் போய்விடும். முட்டு வலி உள்ள அம்மாவை வைத்துக்கொண்டு இது லேசான காரியம் இல்லை.

விசா இரண்டு நாட்டுக்கும் பெரிய தலைவலி இல்லை, விதிதான் அடிக்கடி மாறுகிறது. தாய்லாந்து 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா விலக்கு கொடுத்தது, 2025 மே முதல் கிளம்புவதற்கு முன்பே ஆன்லைனில் வருகை அட்டை நிரப்பச் சொல்கிறார்கள். இலங்கைக்கு இ.டி.ஏ. என்ற முன் அனுமதி எடுக்க வேண்டும். இரண்டிலும் அந்தந்த அரசின் தளத்தில் மட்டும் நிரப்புங்கள். அதே போலத் தோற்றம் வைத்த தனியார் தளங்கள் தேடலில் மேலே வந்து உட்கார்ந்துகொண்டு, தேவையில்லாத கட்டணம் வாங்குகின்றன.

இனி முக்கியமான விஷயம். நம்மூர்க்காரர்களுக்கு இலங்கை மேல் ஒரு அலட்சியம் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. தென்னை, ரப்பர், வாழை, ஓட்டு வீடு, குளம், மழை, எல்லாம் நம்ம ஊர்தான். கொழும்பிலிருந்து கண்டி போகும் வழியில் என் சித்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "இதுக்கா மக்களே இவ்வளவு துட்டு? பேச்சிப்பாறைக்குப் போனா போதாதா?" என்று கேட்டுவிட்டார். தாய்லாந்தில் இந்தக் கேள்வி எழவே எழாது. சாவ் பிரயா ஆற்றில் சாயங்காலம் படகில் போகும்போது ஒரு பக்கம் அருண் கோயிலின் கோபுரம், மறு பக்கம் அரண்மனையின் பொன் கூரைகள், நடுவே சரக்குப் படகுகள் வரிசையாக இழுத்துக்கொண்டு போவது, இது நாம் பார்த்த எதைப் போலவும் இல்லை. வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளத்தில் படுத்திருக்கும் புத்தரை ஒரே பார்வையில் பார்க்க முடியாது, தூண்களுக்கு நடுவே துண்டு துண்டாகத்தான் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். வெளிநாட்டுக்கு வந்திருக்கிறோம் என்ற அந்தக் குறுகுறுப்பு வேண்டும் என்றால் தாய்லாந்துதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏற்பாடுகளிலும் தாய்லாந்தை அடித்துக்கொள்ள முடியாது. பாங்காக்கில் மேலே ஓடும் ரயில், கீழே மெட்ரோ, ஆற்றில் படகு, எங்கு போனாலும் கிராப், போல்ட் என்ற டாக்ஸி ஆப்கள். விலை முன்கூட்டியே தெரியும், பேரம் பேச வேண்டாம். தெருவுக்குத் தெரு செவன் லெவன் கடை, ராத்திரி இரண்டு மணிக்கும் தண்ணீரும் பாலும் கிடைக்கும். பொது டாய்லெட்டுகள் சுத்தம், கழுவ ஹேண்ட் ஷவரும் இருக்கும், இதை எழுதக் கூச்சப்பட ஒன்றுமில்லை, குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். பெண்கள் மட்டும் குழுவாகப் போய் வந்தவர்களும் ராத்திரி தெருவில் நடக்கப் பயம் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். தாய்லாந்து என்று சொன்னாலே நம்மூரில் ஆண்கள் கூட்டமாகச் சிரிக்கும் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. பட்டாயாவின் ஒரு தெருவை வைத்து ஒரு நாட்டை எடைபோடுவது அநியாயம்.

இலங்கையில் இதே வசதியை எதிர்பார்த்துப் போனால் எரிச்சல்தான் வரும். கொழும்பில் பிக்மீ ஆப் இருக்கிறது, ஆட்டோவை அதில் போடுவது நல்லது. ஊரைத் தாண்டினால் வாடகைக் காரும் டிரைவரும்தான், அங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. எங்களுக்கு வாய்த்த டிரைவர் நல்ல மனுஷன்தான், ஆனால் மாத்தளைப் பக்கம் வண்டியை ஒரு மசாலாத் தோட்டத்துக்குள் திருப்பிவிட்டார். உள்ளே ஒருவர் மிளகுக் கொடியைக் காட்டி இதுதான் மிளகு என்று விளக்குகிறார். மாறாமலையில் விளையும் கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டத்திலிருந்து வந்திருக்கிறோம், வீட்டுப் பின்பக்கம் முருங்கை மரத்தில் நல்லமிளகு ஏறிக் கிடக்கிறது, நமக்கு இதைக் காட்டினால் எப்படி இருக்கும்! கடைசியில் ஒரு எண்ணெய்ப் பாட்டிலை வாங்காமல் வெளியே வர முடியவில்லை, விலையோ ஊரில் ஒரு குடும்பத்தின் வாரச் சந்தைச் செலவு. அடுத்தது ரத்தினக் கடை, அதற்கடுத்தது மரச் சிற்பக் கடை. எல்லாம் கமிஷன். வண்டி பேசும்போதே "கடை வேண்டாம், கோயிலும் இடங்களும் மட்டும்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள், சொன்னால் கேட்கிறார்கள்.

தாய்லாந்தில் ஏமாற்று இல்லை என்று நினைத்துவிட வேண்டாம், அங்கே அது வேறு உருவத்தில் வரும். அரண்மனைக்குப் பக்கத்தில் டிப்டாப்பாக ஒருவர் வந்து, இன்று அரண்மனை மூடியிருக்கிறது, நான் வேறு கோயில் காட்டுகிறேன் என்று துக்துக் என்ற அந்த ஊர் ஆட்டோவில் ஏற்றிவிடுவார். அது போய் நிற்பது நகைக் கடையிலோ தையல் கடையிலோ. வாசல் வரை நீங்களே போய்ப் பாருங்கள், திறந்துதான் இருக்கும். தோளும் முட்டியும் மறைகிற உடை மட்டும் கட்டாயம், டிக்கெட் வெளிநாட்டவருக்கு 500 பாட். கடற்கரையில் ஜெட் ஸ்கீ எடுத்தால், திருப்பிக் கொடுக்கும்போது இல்லாத கீறலுக்குப் பணம் கேட்பது பல வருஷமாக நடக்கிற கதை. வண்டி வாடகைக்கு எடுக்கும்போது பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஏடிஎம்மில் நம்ம கார்டைப் போட்டால் ஒவ்வொரு தடவையும் சுமார் 220 பாட் பிடித்தம், அதாவது 500 ரூபாய்க்கு மேல் காற்றில் போகும், அதனால் எடுப்பதை ஒரே தடவையாக எடுங்கள்.

டிக்கெட் விலையில் இரண்டு நாடுமே வெளிநாட்டவரை வேறு கண்ணால்தான் பார்க்கின்றன. சிகிரியா பாறைக்கு வெளிநாட்டவர் கட்டணம் 30 டாலருக்கு மேல், உள்ளூர்க்காரர் கொடுப்பது சில்லறை. சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டு பாஸ்போர்ட் காட்டினால் நமக்குக் குறைப்பார்கள், ஆகவே போட்டோகாப்பியை நம்பாமல் ஒரிஜினலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கவுன்டரில் நீங்களாகக் கேளுங்கள். மேலே போக ஏறக்குறைய 1,200 படி. பெரியவர்களைக் கீழே தோட்டத்து நிழலில் உட்கார வைத்துவிட்டு, காலை வெயில் ஏறுமுன் ஏறிவிடுவது புத்திசாலித்தனம்.

சாப்பாட்டைப் பற்றி மட்டும் தனியாக ஒரு பதிவு எழுதலாம். தாய்லாந்திலும் தேங்காய்ப்பால்தான், மீன்தான், சோறுதான், ஆகவே குமரிக்காரருக்கு ஒத்துப்போகும் என்று நினைத்துத்தான் போனோம். முதல் நாள் நன்றாக இருந்தது. ஆனால் அங்கே குழம்பிலும் ஒரு இனிப்பு ஓடுகிறது, மீன் சாஸ் வாடை எல்லாவற்றிலும் வருகிறது, மூன்றாம் நாள் நாக்கு புளியும் வத்தலும் போட்டு அரைத்த மீன்கறிக்கு ஏங்க ஆரம்பித்துவிடும். சைவக்காரர்கள் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' குறி போட்ட கடைகளைத் தேடுங்கள், அங்கே இறைச்சியும் மீன் சாஸும் கிடையாது. மாம்பழமும் தேங்காய்ப்பாலில் ஊறிய ஒட்டரிசிச் சோறும் சேர்ந்த அந்தத் தட்டுக்கு மட்டும் நான் எதையும் விட்டுக்கொடுப்பேன்.

இலங்கையில் காலையில் இடியாப்பம் வருகிறது, சிவப்பரிசி மாவில் உள்ளங்கை அகலத்துக்கு மெலிசாகப் பிழிந்தது, பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் சொதி, தேங்காயும் வத்தலும் சின்ன வெங்காயமும் இடித்துத் தேசிக்காய் (எலுமிச்சை) பிழிந்த சம்பல். சித்தி ஒன்றும் பேசவில்லை, தட்டை மட்டும் இரண்டாம் தடவை நீட்டினார். பேச்சிப்பாறைப் பேச்சு அதோடு நின்றது. கொழும்பு காலிமுகத் திடலில் முழு இறாலை மேலே பதித்துப் பொரித்த வடை, ராத்திரி தட்டுகிற கொத்து ரொட்டி, எதுவும் நமக்கு அந்நியமாக இல்லை.

மனிதர்கள் விஷயத்தில்தான் இலங்கை என்னை முழுசாக வாங்கிவிட்டது. ஹட்டன் பக்கம் ஒரு சின்ன டீக்கடையில் நின்றோம். பிளேன்டீ போட்டுக்கொடுத்த அம்மா, எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, எந்த ஊர் என்றார். நாகர்கோவில் பக்கம் என்றதும், தன் தாத்தாவின் அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர், ஊர்ப் பெயர் மட்டும் வீட்டில் யாருக்கும் நினைவில்லை என்றார். சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. காசு வாங்க மறுத்ததை நாங்கள் கட்டாயப்படுத்திக் கொடுக்க வேண்டியதாயிற்று. நுவரெலியாவுக்குப் போகிற எல்லோரும் தேயிலை மலையில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். அந்தச் செடிகளைப் பிடுங்கி நட்டு வளர்த்தவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் நம் பக்கத்திலிருந்து கூலிக்குக் கொண்டுபோகப்பட்ட ஜனங்கள், அவர்கள் வழி வந்தவர்களில் பலர் இன்னும் லயன் என்ற வரிசை வீடுகளில்தான் இருக்கிறார்கள். கொழுந்து பறிக்கிறவர்களைக் கேட்காமல் போனைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள், தமிழில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கேளுங்கள். யாழ்ப்பாணம் போனால் நல்லூர்க் கோயிலோடு, 1981-இல் எரிக்கப்பட்டுத் திரும்பக் கட்டப்பட்ட நூலகத்தையும் பாருங்கள். போர் பற்றி நாமாகக் கிளறக் கூடாது, அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தாய்லாந்துக்காரர்கள் மரியாதையில் குறை வைப்பதில்லை, சிரித்த முகம், பொறுமை. ஆனால் மொழி தடுக்கிறது, நாம் கடைசி வரை வாடிக்கையாளர்தான். பாங்காக் சீலோம் சாலையில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, அங்கே தாய்லாந்து ஜனங்களே பூத்தட்டோடு வரிசையில் நிற்பதைப் பார்த்தால் மனசு நிறைந்துவிடும்.

கடற்கரை பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, முட்டமும் கோவளமும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இலங்கைக் கரை புதுசு இல்லை. தாய்லாந்தில் கிராபி பக்கத்துப் பாறைத் தீவுகள் மட்டும் வேறு ரகம். மாயா பே என்ற இடத்தைக் கூட்டம் கெடுத்துவிட்டது என்று 2018-இல் மூடி, பவளம் தேறிய பிறகு 2022-இல் திறந்தார்கள். இப்போதும் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடிவிடுகிறார்கள், குளிக்கவும் விடுவதில்லை. இப்படி ஒரு கட்டுப்பாட்டை நம் கடற்கரைகளிலும் பார்க்க ஆசை.

எப்போது போவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பள்ளி லீவு என்று ஏப்ரல் நடுவில் போகாதீர்கள். 13, 14 தேதிகளை ஒட்டி இலங்கையில் புத்தாண்டு, கடைகள் பூட்டு, டிரைவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், நுவரெலியாவில் அறை வாடகை எகிறிவிடும். தாய்லாந்தில் அதே நேரம் அவர்கள் புத்தாண்டான சோங்கிரான், தெருவெல்லாம் தண்ணீர் அடிப்பார்கள். இளவட்டங்களுக்கு அது கொண்டாட்டம், பெரியவர்களுக்குத் தொல்லை. கிறிஸ்துமஸ் லீவில் வானம் நன்றாக இருக்கும், விலைதான் இரண்டு பக்கமும் உச்சம். மே முதல் அக்டோபர் வரை புக்கெட், கிராபிக் கடல் கொந்தளிக்கும், படகுப் பயணம் ரத்தாகும். இலங்கைக்கு நம்மூர் போலவே இரண்டு மழை, அதனால் டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்கு, மேற்குக் கரைக்கும், மே முதல் செப்டம்பர் வரை மழை விட்ட திருகோணமலைப் பக்கத்துக்கும் போங்கள்.

கூட்டாளிகளோடு போகிறவர்கள் ஒரு வாரம் லீவு சேர்த்து, பிப்ரவரியில் தாய்லாந்து போங்கள். அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்களுக்குப் பொங்கல் லீவும் அதோடு இரண்டு நாளும் இலங்கைக்குப் போதும். மலைநாட்டு எஸ்டேட்டுகளிலும் அன்றைக்குப் பொங்கல் பானை வைத்திருப்பார்கள். 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயலில் மலை ரயில் பாதை பலமாக அடிவாங்கியது, ஆகவே கண்டி – எல்ல ரயிலில் போக ஆசை இருந்தால் எந்த இடம் வரை வண்டி ஓடுகிறது என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். முன்பதிவு 30 நாள் முன்னால் திறக்கும், திறந்த அன்றே போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஏஜென்ட் கையில் பல மடங்கு விலைக்குத்தான் கிடைக்கும்.