ஏஎம்எச்எஸ் இணைப்புக்கு எந்தப் பாதை? லீஸ்டு லைன், பிராந்திய வலை, விசாட், இன்டர்நெட்

ஒரு விமானம் கிளம்பும் முன்பே அதன் பயணத் திட்டம் வழியில் உள்ள கட்டுப்பாட்டு மையங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். சென்னை என்றால் விஓஎம்எம், கொழும்பு என்றால் விசிபிஐ என்று தொடங்கும் எட்டெழுத்து முகவரிக்கு அது போகும். இந்தச் செய்திகளைச் சுமந்த பழைய தந்தி வலையான ஏஎஃப்டிஎன்னில் ஒரு செய்திக்கு 1800 எழுத்துதான் உச்சவரம்பு. அதன் இடத்துக்கு வந்த செய்தி அமைப்பான ஏஎம்எச்எஸ், மின்னஞ்சல் போன்ற எக்ஸ்.400 தரத்தில் ஓடுவது. கோப்பையும் சேர்த்து அனுப்பும். வானிலை அறிக்கைகளை எக்ஸ்எம்எல் வடிவில் பரிமாறுவது 2020 நவம்பர் முதல் கட்டாயமானதால், கோப்பு அனுப்பும் வசதி இன்றியமையாததாகிவிட்டது.

அப்படியும் தகவல் சுமை பெரிதில்லை. மையங்களுக்கு இடையே இணைப்பு வாங்கும்போது எத்தனை எம்பிபிஎஸ் என்று முதலில் கேட்பது தவறான தொடக்கம் என்பேன். அறுந்தால் என்ன ஆகும் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். 2025 நவம்பரில் டெல்லியில் செய்தி மாற்றி அமைப்பு பழுதானபோது பயணத் திட்டங்களைக் கையால் ஏற்ற வேண்டியதாகி, 800க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. அங்கே பழுதானது லைன் அல்ல. ஆனால் செய்தி வராத ஒரு மையம் எப்படித் திணறும் என்பதை அந்த நாள் காட்டிவிட்டது.

முதலில் லீஸ்டு லைன். இரண்டு நாடுகளுக்கு இடையே தனிப் பாதை. பாதி வாடகை இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். வெளியார் யாரும் உள்ளே வர மாட்டார்கள் என்பதும், 64 கேபிபிஎஸ்ஸே போதும் என்பதும் இதன் பலம். ஏஎஃப்டிஎன் காலத்தில் ஒவ்வொரு மணியிலும் 00, 20, 40ஆவது நிமிடங்களில் லைன் சோதனைச் செய்தி போகும். ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் உண்டு. 214க்கு அடுத்து 216 வந்தால் நடுவில் ஒன்று தொலைந்தது உடனே தெரிந்துவிடும். அந்த ஒழுங்கை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் பத்து நாடுகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேச 45 லைன் வேண்டும். யாரும் அப்படிப் போடுவதில்லை. நடுவில் ஒரு நாட்டின் வழியாகக் கைமாற்றுவார்கள். அந்த நடு மையம் படுத்தால் அதற்குப் பின்னால் இருப்பவர்களும் சேர்ந்து தவிப்பார்கள். பழுது எந்தப் பாதியில் என்ற இழுபறி வேறு.

இதற்கு மாற்றாக வந்ததுதான் பிராந்தியப் பொது வலை. ஐரோப்பாவில் பென்ஸ், ஆசிய பசிபிக்கில் சிஆர்வி. ஒரு நாடு ஒரே வலையில் சேர்ந்தால் போதும், அதில் இருக்கும் எல்லாரையும் எட்டலாம். குரல், ரேடார் தகவல் எல்லாமே அதே வழியில் போகும். எதற்கு முன்னுரிமை என்பதையும் வகுத்துக்கொள்ளலாம். பழுதென்றால் ஒரே இடத்தில் கேட்டால் போதும். சிக்கலும் அங்கேதான். ஒரே சேவை நிறுவனத்தின் தடுமாற்றம் பல நாடுகளை ஒருசேரத் தொடும். அப்புறம், இத்தகைய வலையின் எம்பிஎல்எஸ் முறை ஒவ்வொருவருக்கும் தடத்தைப் பிரித்துக் கொடுக்குமே தவிர, தானாகச் செய்தியை மறையாக்காது (என்கிரிப்ட் செய்யாது). எல்லையில் ஃபயர்வால் போடுவது அந்தந்த நாட்டின் பொறுப்பு.

விசாட்டை, அதாவது சிறிய ஆன்டெனா தட்டு வழியான செயற்கைக்கோள் இணைப்பை, மெதுவானது என்று ஒதுக்குபவர்கள் உண்டு. செயற்கைக்கோள் கிட்டத்தட்ட 36,000 கி.மீ. உயரத்தில் இருப்பதால் போய்த் திரும்ப அரை நொடி பிடிக்கும் என்பது உண்மை. குரலுக்கு அது உறுத்தும், பயணத் திட்டத்துக்கு அரை நொடி ஒரு பொருட்டே இல்லை. கேயூ என்ற அலைவரிசைப் பட்டையை அடைமழை படுத்தும். சி பட்டை தாங்கும், ஆனால் தட்டு பெரிதாக வேண்டும். 2022 ஜனவரி 15 அன்று எரிமலை வெடித்து டோங்காவின் கடலடி கேபிள் அறுந்து, ஐந்து வாரத்துக்கு மேல் திரும்பவில்லை. அந்த நாட்களில் வெளியுலகத் தொடர்பைத் தாங்கியது செயற்கைக்கோள்தான். தென் அமெரிக்க நாடுகள் ரெடிக் என்ற விசாட் வலையை வைத்திருந்து, பிறகு தரைவழியையும் சேர்த்துக்கொண்டதில் நல்ல பாடம் இருக்கிறது.

இன்டர்நெட் மேல் ஐபிசெக் விபிஎன், அதாவது மறையாக்கிய தனித் தடம், மலிவு, சீக்கிரம் கிடைக்கும். ஆனால் எப்போது நெரிசல், எப்போது தாக்குதல் என்று யாரும் உறுதி தர முடியாது. ஏஎம்எச்எஸ் பேசும் 102ஆம் போர்ட்டை இன்டர்நெட்டுக்கு நேராகத் திறந்து வைக்கவே கூடாது. முதல் பாதையாக இதை நான் சொல்ல மாட்டேன். மாற்றுப் பாதையாகத் தாராளமாக வைக்கலாம்.

கேட்டால் என் பதில் இதுதான்: பிராந்திய வலை முதன்மை, தீவு நாடென்றால் மாற்றாக விசாட், மற்றவர்களுக்கு விபிஎன். இரண்டு நிறுவனங்களிடம் வாங்கியதால் இரண்டு பாதை ஆகிவிடாது. இரண்டு ஃபைபரும் ஒரே பள்ளத்தில் விமான நிலையத்துக்குள் நுழையலாம், ஒரே கடலடி கேபிளில் போகலாம். கையெழுத்துப் போடும் முன் இருவரிடமும் பாதை வரைபடம் கேளுங்கள். பிறகு எதிர் முனைக்குச் சொல்லிவிட்டு, போக்குவரத்து குறைந்த ஓர் இரவில் முதன்மை லைனைக் கழற்றி, வரிசையில் தேங்கும் செய்திகள் எத்தனை நிமிடத்தில் மாற்றுப் பாதையில் நகர்கின்றன என்று பாருங்கள்.