பிரவுனா, டில்லர்சனா?

இருவருமே அவரவர் எண்ணெய்க் கம்பெனியில் அடிமட்டத்தில் சேர்ந்து உச்சிக்குப் போனவர்கள். ஜான் பிரவுன் 1966இல் பிரிட்டனின் பிபி கம்பெனியில் பயிற்சியாளர், 1995இல் தலைமை நிர்வாகி. ரெக்ஸ் டில்லர்சன் 1975இல் அமெரிக்காவின் எக்ஸானில் பொறியாளர், 2006இல் தலைவர். ஒற்றுமை அவ்வளவுதான்.

பிரவுன் வேகக்காரர். 1998இல் அமோகோ, 2000இல் ஆர்கோ என்று வேறு எண்ணெய்க் கம்பெனிகளைச் சேர்த்துக்கொண்டே போனார், அதற்கு முன்பே, 1997இல், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நின்று பருவநிலை மாற்றத்தைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது என்று பேசினார். எண்ணெய் முதலாளி வாயில் அந்தக் காலத்தில் அது பெரிய பேச்சு. ஆனால் 2005இல் பிபியின் டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள், விசாரித்த அமெரிக்க வாரியம் செலவுக் குறைப்பையும் ஒரு காரணமாகச் சொன்னது. எனக்கு அந்தப் பசுமைப் பேச்சு அங்கேயே கசந்துவிட்டது. கடைசியில், நீதிமன்றத்தில் பொய் சொன்னது வெளியே வந்து 2007இல் விலகினார்.

டில்லர்சன் நிதானக்காரர். சரி, அவரும் சறுக்கினார்: 2010இல் எக்ஸ்டிஓ என்ற எரிவாயு கம்பெனியை வாங்கிய பிறகு எரிவாயு விலை விழுந்தது. அப்புறம் டிரம்பின் வெளியுறவு அமைச்சராகி, 2018இல் டிரம்ப் போட்ட ட்விட்டர் பதிவில் அந்த வேலை போனது தனிக் கூத்து.

ஆலையில் வேலைக்குப் போவதென்றால் நான் டில்லர்சன் பக்கம். மேடைப் பேச்சு கேட்கவென்றால் பிரவுன்.