லெக்சஸ் எப்படி? எல்எஸ் 400-இலிருந்து ஆரம்பித்தால்தான் சொல்ல முடியும்

டொயோட்டாவின் சொகுசுக் கார் பிராண்டான லெக்சஸை வாங்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இன்றைய மாடல்களின் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். அந்தப் பெரிய கிரில் பிடித்தால் பிடிக்கும், இல்லையென்றால் இல்லை, பேச்சு அதோடு முடிந்துவிடும். என்னைக் கேட்டால் 1989-இல் வந்த எல்எஸ் 400 என்ற பெரிய செடானிலிருந்து ஆரம்பிப்பேன். அந்த வண்டியை ஓட்டியும் இருக்கிறேன், பின்சீட்டில் உட்கார்ந்து நீண்ட தூரம் போயும் இருக்கிறேன், அதற்குப் பிறகு வந்த மாடல்களையும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இந்த நிறுவனம் விற்பது பகட்டை அல்ல என்பதுதான் என் கருத்து. சத்தம், அதிர்வு, பழுது, சர்வீஸ் அலைச்சல் என்று ஒரு கார் தரக்கூடிய தொந்தரவுகள் நம்மிடம் வந்து சேராமல் பார்த்துக்கொள்வதைத்தான் அவர்கள் விற்கிறார்கள். அதைச் சரியாகச் செய்த வண்டிகள் எல்லாம் அருமை, அதை மறந்துவிட்டு வேறு எதையோ துரத்திய இடங்களில்தான் சறுக்கியிருக்கிறார்கள்.

கதை 1983-இல் ஆரம்பிக்கிறது. டொயோட்டாவின் தலைவராக இருந்த எய்ஜி டொயோடா, உலகத்தின் தலைசிறந்த சொகுசுக் கார்களோடு மோதும் வண்டி ஒன்றை நம்மால் செய்ய முடியுமா என்று ரகசியக் கூட்டம் ஒன்றில் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னால் வியாபாரக் காரணமும் இருந்தது. அமெரிக்காவுக்கு வருடத்துக்கு இத்தனை கார்கள்தான் அனுப்புவோம் என்று 1981-இல் ஜப்பான் ஒப்புக்கொண்டிருந்தது. எண்ணிக்கை கூடாது என்றால் ஒரு வண்டியில் கிடைக்கும் லாபமாவது கூட வேண்டும், இல்லையா? அதனால் ஹோண்டா 1986-இலேயே அக்யூரா என்ற சொகுசுப் பிராண்டோடு அமெரிக்காவில் இறங்கிவிட்டது. டொயோட்டா அவசரப்படவில்லை. 1985-இல் ஒரு குழுவைக் கலிஃபோர்னியாவின் லகுனா பீச்சுக்கு அனுப்பி, பணம் படைத்த அமெரிக்கர்கள் எப்படி வாழ்கிறார்கள், காரில் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று பார்த்துவரச் சொன்னது. எஃப்1 என்று பெயர் வைத்த அந்தத் திட்டத்தில் பிறந்ததுதான் எல்எஸ் 400. சுமார் 450 முன்மாதிரி வண்டிகள் கட்டப்பட்டன, செலவு 100 கோடி டாலரைத் தாண்டியது என்று சொல்வார்கள். அதுவரை பெயரே இல்லாத ஒரு பிராண்டுக்கு இது பெரிய துணிச்சல்தான்.

ஆனால் இந்தக் காரின் உண்மையான நாயகன் தலைமைப் பொறியாளர் இச்சிரோ சுசுகி. மணிக்கு 250 கிலோமீட்டர் ஓட வேண்டும், ஆனால் பெட்ரோல் குறைவாகக் குடிக்க வேண்டும். காற்றைக் கிழித்துப் போக வேண்டும், ஆனால் உள்ளே இடம் குறையக் கூடாது. எடை குறைவாக இருக்க வேண்டும், ஆனால் சத்தமே கேட்கக் கூடாது. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவும் விஷயங்கள் இவை, அவருக்கோ இரண்டும் வேண்டும். சத்தத்தை அடக்க எல்லோரும் செய்வது கதவுக்குள்ளும் தரைக்கு அடியிலும் பஞ்சையும் ரப்பரையும் திணிப்பது. அப்படிச் செய்தால் எடை ஏறும், எடை ஏறினால் மற்ற இலக்குகள் எல்லாம் கெடும். அதனால் சத்தம் பிறக்கும் இடத்திலேயே அதை ஒழி என்பது அவருடைய பிடிவாதம். இன்ஜின் பாகங்களை வழக்கத்தைவிடத் துல்லியமாகச் செதுக்கினார்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், பின்சக்கரத்துக்குப் போகும் நீண்ட தண்டு எல்லாம் கூடுமானவரை ஒரே நேர்கோட்டில் அமையும்படி செய்தார்கள், ஏனென்றால் கோணம் விழும் இடத்தில்தான் அதிர்வு பிறக்கிறது. காற்றுத்தடை எண் 0.29-க்கு இறங்கியது, அந்தக் காலத்தில் ஒரு பெரிய செடானுக்கு இது அபாரமான எண்.

இதெல்லாம் காகிதத்தில் இருக்கும் பெருமை இல்லை, வண்டியில் ஏறினால் தெரியும். சீட்டில் உட்கார்ந்ததும் மீட்டர் இருக்க வேண்டிய இடம் வெறும் கறுப்பாக இருக்கும். சாவியைத் திருப்பினால் முதலில் முட்கள் மட்டும் வெள்ளையாக எரியும், அப்புறம்தான் எண்கள் மெல்லத் தெரியும். இன்று எல்லாக் கார்களிலும் திரைதான், ஆனால் அந்த முட்கள் எரிகிற அழகு எதிலும் இல்லை என்பேன். இன்ஜின் 4 லிட்டர் வி8, 32 வால்வு, 250 குதிரைத்திறன். ஸ்டார்ட் ஆகி நின்றபடி ஓடும்போது அது ஓடுகிறதா இல்லையா என்று இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டீயரிங்கில் கை வைத்தாலும் நடுக்கம் இல்லை. நிறுத்திவிட்டுச் சாவியை எடுத்தால் ஸ்டீயரிங் தானாக மேலே நகர்ந்து நாம் இறங்க வழிவிடும். பட்டன்கள் எல்லாம் பெரிது பெரிதாக, கண்ணால் தேடாமல் கை போகிற இடத்தில் இருக்கும். குறை இல்லாமல் இல்லை. ஸ்டீயரிங் ரொம்ப லேசு, சாலை எப்படி இருக்கிறது என்று கைக்கு எதுவும் சொல்லாது, வளைவில் கொஞ்சம் வேகமாகப் போனால் உடம்பு சாயும். ஓட்டுவதில் சுகம் தேடுகிறவர்களுக்கு அன்றைய பிஎம்டபிள்யூதான் சரி. தோற்றத்திலும் பழைய மெர்சிடிஸின் சாயல் இருப்பதை மறுக்க முடியாது.

விளம்பரம் ஒன்று இருக்கிறது, கார் பிரியர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பானெட் மேல் ஷாம்பெயின் கோப்பைகளைக் கோபுரமாக அடுக்கி, வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி, மணிக்கு 145 மைல் வேகத்துக்கு இணையாகச் சக்கரங்களை ஓடவிட்டார்கள். ஒரு கோப்பைகூட விழவில்லை. சொகுசு என்று வாயால் சொல்லாமல் இன்ஜினின் அமைதியைக் கண்முன் காட்டிய விளம்பரம் அது, எனக்குத் தெரிந்து கார் விளம்பரங்களில் இதைவிட நேர்மையானது குறைவு. இவ்வளவும் தந்துவிட்டு அமெரிக்காவில் வைத்த ஆரம்ப விலை 35,000 டாலர். அதே அளவு மெர்சிடிஸ் 60,000 டாலரைத் தாண்டிக்கொண்டிருந்த நேரம். அடக்க விலைக்கும் கீழே விற்கிறார்கள் என்று ஜெர்மன் தரப்பிலிருந்து புகார் கிளம்பியதில் வியப்பில்லை. கூடவே இஎஸ் 250 என்று இன்னொரு வண்டியும் வந்தது, அது டொயோட்டா கேம்ரியை அவசரமாக அலங்கரித்து நிறுத்தியது, அதைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை.

லெக்சஸைப் பற்றிப் பேசும்போது நான் மிகவும் மதிப்பது அந்த முதல் வருடம் நடந்த ரீகாலை. 1989 செப்டம்பரில் விற்பனை ஆரம்பித்தது, டிசம்பருக்குள் குறைகள் வெளியே வந்துவிட்டன. பின்கண்ணாடிக்கு அருகே இருந்த பிரேக் விளக்கு சூடாவது, குரூஸ் கண்ட்ரோல் கோளாறு, அந்த மாதிரி. புகார்கள் ஒரு கை விரல்களில் அடங்கும். ஆனாலும் விற்ற எல்லா வண்டிகளையும், ஏறக்குறைய 8,000, திரும்பக் கூப்பிட்டார்கள். புதுப் பிராண்டுக்கு இது உயிர் போகிற விஷயம். வாடிக்கையாளரை வரச் சொல்லாமல் டெக்னீஷியன்களே வீட்டுக்குப் போய் வண்டியை எடுத்துவந்து, சரிசெய்து, திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். டீலர் இல்லாத தூரத்து ஊர்களுக்கு ஆட்களை விமானத்தில் அனுப்பி, அங்கே கராஜை வாடகைக்கு எடுத்து வேலை பார்த்தார்கள். 20 நாளில் முடித்துவிட்டார்கள். ஒரு பிராண்டை முடித்துவைத்திருக்க வேண்டிய சம்பவம், அதுவே லெக்சஸ் என்றால் சர்வீஸ் என்ற பெயரை வாங்கிக் கொடுத்தது. 1991-க்குள் அமெரிக்காவில் அதிகம் விற்கும் வெளிநாட்டுச் சொகுசுக் கார் லெக்சஸ்தான்.

உழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாட் ஃபாரா என்ற அமெரிக்கக் கார் எழுத்தாளர் 1996-ஆம் வருட எல்எஸ் 400 ஒன்றை, ஏற்கனவே கிட்டத்தட்ட 9 லட்சம் மைல் ஓடிய நிலையில் வாங்கினார். பலரும் மாறி மாறி ஓட்டி, 2019-இல் அது 10 லட்சம் மைலைத் தாண்டியது. எல்லா வண்டியும் அப்படி ஓடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பராமரிப்பு ஒழுங்காக இருந்தால் இந்த இன்ஜின் தானாகச் சாகாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அதற்குப் பிறகு 1998-இல் ஆர்எக்ஸ் 300 வந்தது. லாரி மாதிரி குலுக்காத, கார் மாதிரி ஓடும் சொகுசு எஸ்யூவி. இன்று ஊர் உலகம் எல்லாம் விற்கும் வகை வண்டிக்கு வழி போட்டதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 2005-இல் அதிலேயே ஹைப்ரிட். அதே 2005-இல்தான் லெக்சஸ் என்ற பெயர் சொந்த நாடான ஜப்பானிலேயே கடை திறந்தது, அதுவரை அங்கே எல்எஸ் என்பது டொயோட்டா செல்சியர். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை சொகுசுக் கார் விற்பனையில் முதலிடம். இந்த உயரத்தில் இருக்கும்போதுதான் சலிப்பூட்டும் கார் என்ற விமர்சனம் பலமாக எழுந்தது. அது டொயோட்டாவை அப்போது நடத்திக்கொண்டிருந்த அகியோ டொயோடாவை உறுத்தியது, இனிச் சலிப்பான கார் கிடையாது என்று அவர் முடிவெடுத்தார். நூல் நூற்கும் கதிரின் வடிவக் கிரில் வந்தது அந்தக் காலகட்டத்தில்தான். கிரில்லை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன், அது ரசனை. டச்பேட்தான் என்னால் ஏற்க முடியாதது. ஓடும் வண்டியில் நடுவில் ஒரு பட்டையை விரலால் தடவி, திரையில் நகரும் குறியைப் பட்டன் மேல் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பது, கண்ணை எடுக்காமலே பட்டனைத் தொட வைத்த நிறுவனம் செய்யக்கூடிய காரியமா? நல்லவேளை, 2022 மாடல் என்எக்ஸ் எஸ்யூவி வந்தபோது அதைத் தூக்கிவிட்டுத் தொடுதிரை வைத்தார்கள்.

சலிப்பு என்று சொன்னவர்களுக்கான பதில் கிரில்லுக்கு முன்பே தயாராகிவிட்டிருந்தது. எல்எஃப்ஏ என்ற ஸ்போர்ட்ஸ் கார் அது. 2000 வாக்கில் ஆரம்பித்து, அலுமினியத்தில் பாதித் தூரம் வந்தபிறகு, எடை போதிய அளவு குறையவில்லை என்று கார்பன் ஃபைபருக்கு மாறி, எல்லாவற்றையும் புதிதாகச் செய்தார்கள். கார்பன் இழைகளை நெய்ய வட்டத்தறி ஒன்றை உருவாக்கினார்கள். டொயோட்டா குடும்பம் கார் செய்வதற்கு முன் தறி செய்துகொண்டிருந்தது, அந்தக் கைவழக்கம் இங்கே வந்து உதவியது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். யமஹாவோடு சேர்ந்து செய்த 4.8 லிட்டர் வி10 இன்ஜின், சும்மா நிற்கும் நிலையிலிருந்து 9,000 ஆர்பிஎம்முக்கு 0.6 நொடியில் ஏறும். சாதாரண முள்ளால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது என்று மீட்டரையே டிஜிட்டலாக்கினார்கள். சத்தத்தையே ஒழித்துக்கொண்டிருந்த நிறுவனம் சத்தத்தை இசைக்கருவி போலச் சுருதி சேர்த்த ஒரே கார் இது. 500 மட்டும் செய்தார்கள், விலை 3,75,000 டாலர். இந்தக் காரைச் செதுக்கிய சோதனை ஓட்டுநர் ஹிரோமு நருசே 2010-இல் ஜெர்மனியில், நூர்பர்கிரிங் பந்தயத்தடம் அருகே, எல்எஃப்ஏ ஓட்டும்போதே விபத்தில் இறந்துபோனார். அதைத் தெரிந்துகொண்டபிறகு அந்த இன்ஜின் சத்தத்தை வேறு மாதிரிதான் கேட்க முடிகிறது.

2017-இல் வந்த எல்எஸ் 500-இன் உட்புறம் பார்க்க வேண்டியது. கதவில் துணியைக் கையால் மடிப்பு மடிப்பாக மடித்துப் பொருத்தியிருப்பார்கள், கிரிகோ என்ற ஜப்பானிய வெட்டுக் கண்ணாடி வேலையும் உண்டு. தகுமி என்று அவர்கள் அழைக்கும் தேர்ந்த கைவினைஞர்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது, பழக்கமில்லாத கையால் காகிதத்தில் பூனை மடித்துக் காட்ட வேண்டும். இப்படிப்பட்ட கைகள் தொட்ட வண்டி என்பது தையலைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் அதில் வி8 போய் இரட்டை டர்போ வி6 வந்துவிட்டது. வேகம் கூடியிருக்கிறது, அந்தப் பழைய வழுவழுப்பு கொஞ்சம் போய்விட்டது. எனக்கு அது இழப்புதான். டர்போ இல்லாத வி8 வேண்டும் என்பவர்கள் எல்சி 500 பக்கம் போகலாம், பார்க்கவும் இந்தப் பிராண்டில் அதைவிட அழகான கார் இல்லை.

சரி, எதை வாங்கலாம்? தினமும் குடும்பத்தோடு ஓட்ட ஆர்எக்ஸ் ஹைப்ரிட், யோசிக்கவே வேண்டாம். ஓட்டுவதில்தான் சுகம் என்றால் போர்ஷேவையோ பிஎம்டபிள்யூவையோ பாருங்கள், மனதைத் தேற்றிக்கொண்டு லெக்சஸ் வாங்க வேண்டாம். பழைய எல்எஸ் 400 மேல் ஆசை இருந்தால், ஓடிய கிலோமீட்டரைப் பார்த்துப் பயப்படாமல் சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்பது முதல் கேள்வி. பானெட்டைத் திறந்து பவர் ஸ்டீயரிங் பம்பில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள், கசிந்தால் அது நேராக, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் மேல் சொட்டி அதையும் கெடுக்கும். இன்ஜின் கம்ப்யூட்டரில் உள்ள கெப்பாசிட்டர்கள் வயதாகி ஒழுகுவதும் இந்த வண்டிகளில் வழக்கம், அதைத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போங்கள். சாவியைத் திருப்பும்போது மீட்டரில் எல்லா முட்களும் எரிகின்றனவா என்று கவனியுங்கள். மங்கிப்போயிருந்தால் சரிசெய்ய முடியும், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.