37,600 ரூபாய் கொடுத்து வாங்கிய ஃப்ரிட்ஜ்: எல்லையோரத்தில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

நேற்று மாலைதான் பொள்ளாச்சியிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் எங்கள் ஊரில் இதற்கு முன் ஏமாந்தவர்களைப் போல நானும் போனது போகட்டும் என்று விட்டுவிடுவேன். வழக்குக் கொடுக்கப் போவதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. பல மாடிகளில் டி.வி., வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் எல்லாம் விற்கும் பெரிய வீட்டு உபயோகப் பொருள் ஷோரூம் என்ற அளவில் புரிந்துகொள்ளுங்கள். ஃப்ரிட்ஜ் வாங்கும்போது எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைப் பதிவின் முடிவில் விவரமாக எழுதுகிறேன்.

நாங்கள் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கேரளத்தில் இருந்தாலும் வீட்டில் தமிழ்தான். கல்யாணத்துக்குத் துணி எடுப்பதானாலும், பாத்திரம் வாங்குவதானாலும், கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். நம் மொழியில் பேசுவார்கள், நாலு கேள்வி தயங்காமல் கேட்கலாம், ஏதாவது என்றால் நேரில் போய் நிற்கலாம் என்ற தைரியம் அதற்குக் காரணம். என் அம்மாவும் அதே தைரியத்தில்தான், சீட்டு எடுத்த பணத்தை என் கையில் கொடுத்து, "பொள்ளாச்சியிலயே வாங்கு கண்ணு" என்று அனுப்பினார்.

சித்திரைக் கனிக்கு முன்பாக, ஏப்ரல் 9ஆம் தேதி நானும் என் கணவரும் போனோம். ஃப்ரிட்ஜ் பிரிவில் 'ப்ராடக்ட் மேனேஜர்' என்று சட்டையில் அட்டை குத்தியிருந்த ஓர் இளைஞர் எங்களை உட்காரவைத்து, மோர் வரவழைத்துக் கொடுத்து, கையிலிருந்த டேப்லெட்டில் ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். வீட்டில் எத்தனை பேர், என்ன நிறம் பிடிக்கும், எவ்வளவு பணத்துக்குள் பார்க்கிறோம் என்றெல்லாம் கேட்டுவிட்டு, "உங்களுக்கு உண்மையிலேயே என்ன வேணுங்கக்கா, அதைச் சொல்லுங்க" என்றார். கடைக்காரர் ஒருவர் என்னை இப்படிக் கேட்டது அதுவே முதல் முறை. நானும் மனம் விட்டுச் சொன்னேன். அம்மாவுக்குச் சர்க்கரை நோய், திறக்காத இன்சுலின் குப்பிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், எங்கள் பக்கம் கோடையில் வெயில் தாங்காது, மின்சாரமும் அடிக்கடி போகும், அதனால் அழகோ நிறமோ முக்கியமில்லை, புதிதாகவும் நம்பகமாகவும் இருந்தால் போதும் என்றேன். அவர் அதையும் குறித்துக்கொண்டார். "எங்க அம்மாவுக்கும் சுகர்தாங்கக்கா. எதுன்னாலும் என் நம்பருக்குக் கூப்பிடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று தன் எண்ணைத் தானே என் போனில் பதிந்து கொடுத்தார். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் விழுந்தேன்.

இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்று, விலை 37,000. பழைய ஃப்ரிட்ஜுக்கு 2,500 கழித்தார்கள். கூடுதல் வாரண்டி என்று 3,100 சேர்த்தார்கள். ஆக மொத்தம் 37,600 ரூபாய். அதில் 20,000 ரூபாயை போனில் அனுப்பினோம், மீதி 17,600 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தோம். பில் கேட்டபோது, கேரளத்துக்குப் போகிற சரக்குக்கு வேறு மாதிரி பில் போட வேண்டும், வண்டியோடு வரும் என்று சொல்லிவிட்டு, 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட ஒரு சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார்கள். அதோடு, பொருள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே, கவுண்டரிலேயே என் போனை வாங்கி, கடைக்கு ஐந்து நட்சத்திரம் போட வைத்து, ஒரு ஹாட் பாக்ஸும் கொடுத்தார்கள். முகம் முறிக்க மனமில்லாமல் போட்டேன். அதற்காக இன்றுவரை வருந்துகிறேன், ஏனென்றால் அதைப் பார்த்து இன்னொருவர் அங்கே போயிருக்கக்கூடும்.

11ஆம் தேதி வண்டி வந்தது. அட்டைப்பெட்டி இல்லை. வாசல் குறுகலாக இருக்கும் என்று வழியிலேயே பிரித்துவிட்டோம் என்றார்கள். பில்லும் இல்லை, வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள். கதவின் மேல்பகுதியில் நான்கு மூலைகளிலும் பிசுபிசுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. தூசி போலும் என்று நினைத்து, தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்து எடுத்தேன். பளபளவென்று ஆனதும், அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிச் சந்தோஷப்பட்டது இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. அது, காட்சிக்கு வைத்த பொருள்மேல் விலை அட்டை ஒட்டியிருந்த பசை என்று எனக்கு அன்று தெரியவில்லை.

மே 3ஆம் தேதி இரவோடு குளிர்ச்சி நின்றுவிட்டது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது, ஆனால் காலையில் பால் திரிந்திருந்தது, இன்சுலின் குப்பிகள் வெதுவெதுவென்று இருந்தன. அவற்றைக் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்கி, பக்கத்து வீட்டுச் சேச்சியின் ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறோம். அம்மா நாளுக்கு இரண்டு முறை அவர்கள் வாசலில் போய் நிற்கிறார்.

கம்பெனியின் எண்ணுக்கு அழைத்ததில், 6ஆம் தேதி பாலக்காட்டிலிருந்து மெக்கானிக் வந்தார். ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்து, பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னையும் கூப்பிட்டார். கீழே தண்ணீர் சேரும் தட்டில், பல மாதத்துத் தூசி நனைந்து காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. எங்கள் வீட்டில் அது ஓடியதோ 22 நாள். பின்புறத்தில் ஒட்டியிருந்த தகட்டைக் காட்டினார், தயாரித்து ஒன்றே முக்கால் ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. சீரியல் எண்ணைத் தன் போனில் போட்டுப் பார்த்துவிட்டு, "சேச்சி, இதுக்கு வாரண்டி போன வருஷம் பிப்ரவரியிலயே தொடங்கியிருக்கு. ஒரு வருஷம் முடிஞ்சு போச்சு" என்றார். கம்ப்ரஸருக்கு மட்டும் பத்தாண்டு இருக்கிறதாம், ஆனால் கேஸ் கசிவு அதில் சேராதாம். அது ஷோரூமில் காட்சிக்கு இருந்ததா, வேறு யாரேனும் வாங்கித் திருப்பிக் கொடுத்ததா என்று தன்னால் சொல்ல முடியாது, புதுப் பெட்டி இல்லை என்று மட்டும் சொல்ல முடியும் என்றார்.

அன்றே அந்த இளைஞருக்கு அழைத்தேன். மீட்டிங்கில் இருக்கிறேன் என்றார். மறுநாள், பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். அதன் பிறகு மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. 8ஆம் தேதி நேரில் போனேன். முதலில் வோல்டேஜ் ஏறி இறங்கியிருக்கும், ஸ்டெபிலைசர் வைத்தீர்களா என்று கேட்டார்கள். வாரண்டித் தேதியைச் சொன்னதும், கம்பெனியில் தவறாகப் பதிந்திருப்பார்கள், அங்கே கேளுங்கள் என்றார்கள். கம்பெனியின் பொள்ளாச்சி சர்வீஸ் மையத்துக்குப் போனால், 678இல் தொடங்கும் அஞ்சல் குறியீடு தங்கள் பகுதி இல்லை, பாலக்காட்டில் கேளுங்கள் என்றார்கள். பாலக்காட்டில் கேட்டால், புதிதாக வாங்கியதற்குப் பில் இருந்தால்தான் தேதியைத் திருத்த முடியும், விற்ற கடையில் வாங்கி வாருங்கள் என்றார்கள். கூடுதல் வாரண்டிக்கு 3,100 வாங்கினார்களே, அது வேறொரு நிறுவனத்தினுடையதாம், அவர்களும் கேட்டது பில்லைத்தான்.

நேற்று இரண்டாவது முறையாகப் போனபோது, அந்த இளைஞர் வேலையை விட்டுவிட்டார் என்றார்கள். அவருடைய அதே அட்டையைக் குத்தியிருந்த வேறொருவர், இரண்டு மணி நேரம் என்னைக் காக்கவைத்துவிட்டு, என் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எஸ்டிமேட்டுங்க, பில் இல்லைங்க. நீங்க கேரளா கஸ்டமர் வேற, எங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். 37,600 ரூபாய் கொடுத்திருக்கிறேனே என்றேன். கேஸ் போடுவதானால் போடுங்கள், கோயம்புத்தூருக்கு நீங்கள்தான் அலைய வேண்டும் என்று சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் வந்து நின்ற ஒரு குடும்பத்தைப் பார்த்து, "வாங்கக்கா, என்ன பார்க்கறீங்க" என்று எழுந்து போய்விட்டார்.

இத்தனை கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்ளும் கடைக்காரர்களுக்கும், கம்பெனிகளில் இவற்றைத் திட்டமிடும் மேனேஜர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. நாங்கள் ஹாட் பாக்ஸ் கேட்கவில்லை, மோரும் கேட்கவில்லை. இது காட்சிக்கு வைத்த பெட்டி, இத்தனை மாதம் ஆகிறது, அதனால் 5,000 குறைத்துத் தருகிறேன், வாரண்டி இந்தத் தேதிவரைதான் என்று நேராகச் சொல்லியிருந்தால், யோசித்துப் பார்த்து ஒருவேளை அதையே மனமாரப் பேசி வாங்கியிருப்பேன். விற்பதற்கு முன் எடுத்த போனை விற்ற பிறகும் எடுக்க வேண்டும், பில்லைக் கையில் கொடுக்க வேண்டும். ஒரு பொருள் கெட்டுப்போவதைப் பொறுத்துக்கொள்ள எங்களுக்குத் தெரியும், மெஷின் என்றால் பழுதாகத்தான் செய்யும். நோய்க்காரத் தாய்க்கு வேண்டும் என்று சொல்லியும், அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டும், பழைய பெட்டியை எங்கள் தலையில் கட்டியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். காலையில் பாலக்காட்டுக்குப் பஸ் பிடிக்க வேண்டும், அதனால் முக்கியமானதை மட்டும் எழுதுகிறேன். பில் கையில் வராமல் பணம் கொடுக்காதீர்கள். அதில் ஜி.எஸ்.டி. எண்ணும் பொருளின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். பில் தராமல் இருப்பதே, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. அட்டைப்பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள், தயாரித்த மாதமும் ஆண்டும் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும். வண்டிக்காரரை நிறுத்திவைத்து, கம்பெனியின் எண்ணுக்கு அழைத்து, அந்தச் சீரியல் எண்ணுக்கு வாரண்டி எப்போது தொடங்குகிறது என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலைதான், நான் செய்யவில்லை.

கோயம்புத்தூருக்கு அலைய வேண்டும் என்று யாராவது மிரட்டினால் நம்பாதீர்கள். பழைய சட்டத்தில் அந்தச் சிக்கல் இருந்தது. இப்போதைய சட்டத்தின் 34ஆவது பிரிவுப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். எல்லையின் இந்தப் பக்கம் இருந்துகொண்டு அந்தப் பக்கம் வாங்கும் நம் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம், அங்கே நேற்றிரவே பதிந்துவிட்டேன்.

பெரிய தொகையை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். போனில் அனுப்பிய 20,000 ரூபாய்க்கு பேங்கில் கணக்கு இருக்கிறது. கையில் எண்ணிக் கொடுத்த 17,600 ரூபாய்க்கு, அவர்கள் பில் இல்லை என்று சொல்லும் அந்த எஸ்டிமேட் சீட்டைத் தவிர என்னிடம் வேறு சாட்சி இல்லை. அதை இப்போதுதான் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையில் வைத்தேன்.