இடிப்பதா, பழுதுபார்ப்பதா: இங்கிலாந்தின் பழைய வீடுகள்

இங்கிலாந்தின் பழைய தொழிலாளர் வீடுகளை அரசு இரண்டு விதமாகக் கையாண்டது. ஒன்று, 1930 வீட்டுவசதிச் சட்டம் வேகப்படுத்திய இடிப்பு. மழைநீர் ஒழுகும் வீட்டுக்குப் பதிலாகக் குளியலறையோடு புது வீடு கிடைத்தது. அது பெரிய விஷயம்தான். ஆனால் தெருவே கலைந்து, அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு திசையில் போனார்கள். 1968-இல் லண்டனின் 22 மாடி ரோனன் பாயின்ட் கட்டடத்தின் ஒரு மூலை சரிந்து நான்கு பேர் இறந்தபின், இடித்த வீடுகளுக்குப் பதிலாக எழுந்த அடுக்குமாடிகள் மீதிருந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டது.

இன்னொன்று, பழைய வீட்டைச் செப்பனிட அரசு தந்த மானியம். 1949-லேயே தொடங்கியது, 1969 சட்டம்தான் அதை வீடுவீடாக இல்லாமல் பகுதி பகுதியாகக் கொண்டுபோனது. மேக்கிள்ஸ்ஃபீல்ட் நகரின் பிளாக் ரோடு பகுதி மக்கள், கட்டடக் கலைஞர் ராட் ஹாக்னியோடு சேர்ந்து, இடிக்கவிருந்த தங்கள் வீடுகளைத் தாங்களே செப்பனிட்டுக் காப்பாற்றினார்கள். எனக்கு இந்த வழிதான் சரியாகப் படுகிறது. ஆனாலும் லண்டனில் சில வீட்டுக்காரர்கள் மானியத்தை வாங்கிக்கொண்டு, குடியிருந்தவர்களை வெளியேற்றி, வீட்டை வசதியானவர்களுக்கு விற்றார்கள். அப்புறம்தான் 1974 சட்டம் மானியத்துக்குக் கடுமையான நிபந்தனைகள் போட்டது.